கூச்சம் பட்டம் வாங்கித் தராது!



இரும்புலியூரிலிருந்து தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினால், சானடோரியத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை. 1949-ல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1955-ல் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர் அங்கே வந்து சேர்ந்தார். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். கையில் காசில்லை. அக்காள் ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த மாணவர்தான் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

இது நாம் மேடைதோறும் சொல்லும் செய்தி. ஆனால் அதற்கு முந்தைய செய்தியைச் சொல்வதில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அவர் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்குரிய பாடம் இயற்பியல் அல்ல, பொறியியல் என்று உணர்ந்தார். மேற்படிப்புக்கு வேறு வழிகள் உண்டு என்பதே அப்போது தனக்குத் தெரியாது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

எம்.ஐ.டி.யில் நிலைமை மாறியது. சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பேராசிரியர் ஸ்பாண்டர் ஆலோசனை சொன்னார். எதிர்காலத்தில் என்ன கிடைக்கும் என்று கலங்காதே, அடித்தளத்தைப் பலமாகப் போடு, ஆர்வத்தோடு படி என்பது அதன் சாரம். பேராசிரியர் சீனிவாசனோ, விமான வடிவமைப்பு வேலை மந்தமாக நடப்பதைக் கண்டு கடிந்துகொண்டார். மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவு பகலாக உழைத்து முடித்தார். ஒருவர் வழி சொன்னார்; ஒருவர் கண்டித்தார். இரண்டுமே ஆலோசனைதான்!

சிந்தியுங்கள். அப்துல் கலாமுக்கே வழிகாட்டி தேவைப்பட்டார் என்றால், நமக்கு வேண்டாமா?

வாசல் வரை வந்த வழிகாட்டல்

பிளஸ் 2 முடிவு வந்ததும் நம் மஹல்லாக்களில் கல்வி வழிகாட்டி முகாம்கள் களைகட்டுகின்றன. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று சொல்கிறோம். சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறோம். 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பயன்படுத்தச் சொல்கிறோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் பிள்ளை கல்லூரிக்குள் கால் வைத்த மறுநாளே கையைக் கழுவி விடுகிறோமே, இது நியாயமா? இடஒதுக்கீடு வாசல் வரை கொண்டு போய் விடும். உள்ளே போனவன் பட்டத்தோடு வெளியே வருகிறானா என்று பார்ப்பது யார்?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன். தந்தைக்குப் பழக்கடை. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். ஒரு பருவத்தில் டைபாய்டு வந்து இருபது நாள் படுத்துவிட்டான். முன்பே எட்டு நாள் விடுப்பு. ஆக, 90 வேலை நாட்களில் 28 நாள் வரவில்லை. வருகை 69 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

75 சதவீதம் வேண்டும் என்பது பொதுவான விதி. 65-க்குக் குறையாமல் இருந்தால், மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலக்கு கேட்கப் பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவன் வீட்டு அலமாரியில்தான் இருந்தது! திரும்பி வந்த அன்றே வகுப்பு ஆசிரியரிடம் அதைக் கொடுத்திருக்க வேண்டும். "சார் திட்டுவாரோ" என்று பயந்து கொடுக்கவில்லை. தேர்வுக்கு முன் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. அதன் பிறகு தந்தை கடையை மூடிவிட்டு ஓடினார். கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு தாள் காகிதம் ஒரு பருவத்தையே தின்றுவிட்டது.

அவனிடம் அறிவு குறைவா? இல்லை. ஆசிரியர் அறைக் கதவைத் தட்டும் துணிவுதான் குறைவு.

அது சலுகை அல்ல, உங்கள் உரிமை!

ஆசிரியரிடம் ஆலோசனை கேட்பதை ஏதோ யாசகம் போல நினைக்கிறோம். தவறு! அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளைப் பாருங்கள். பாடங்களைத் திட்டமிடவும் பொதுவான ஆலோசனை தரவும் மாணவர்களைப் பிரித்து ஆசிரியர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. படிப்பு முடியும் வரை அவரே உங்கள் ஆலோசகர். கலை, அறிவியல் கல்லூரிகளில் டியூட்டர் என்பார்கள், மென்டர் என்பார்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று 'நாக்' தரமதிப்பீட்டில் கல்லூரிகளிடம் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் யாருக்கு நேரே இருக்கிறது? முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை வந்த பிறகு இதன் தேவை இன்னும் கூடிவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த முறை பரவியபோதே ஆலோசகர்களையும் நியமிக்கத் தொடங்கினார்கள். நாமோ, பக்கத்தில் இருக்கும் நண்பன் எதை எடுக்கிறானோ அதையே எடுக்கிறோம்!

என்ன கேட்பது?

"எப்படிப் படிக்க வேண்டும் சார்?" என்று மொட்டையாகக் கேட்டால் "நன்றாகப் படி" என்றுதான் பதில் வரும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்.

முதலாமாண்டில் பயிற்று மொழி பற்றிக் கேளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தத்தின்படி, பட்டப்படிப்புத் தகுதி கோரும் வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்தவர், விவரம் தெரியாமல் கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறினால் எதை இழக்கிறார் என்று அறிந்து மாற வேண்டாமா?

முதல் பகுதி மொழியாக அரபி, உருது எடுப்பவர்களும் கவனியுங்கள். எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் 2021 டிசம்பர் அரசாணைப்படி, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாக்கப்பட்டது. அதில் 40 சதவீதம் எடுக்க வேண்டும். ஆகவே தமிழைக் கைவிட்டு விடாதீர்கள்.

இரண்டாமாண்டில் துணைப்பாடம், விருப்பப்பாடம் பற்றிக் கேளுங்கள். "நான் பி.எட். படித்து ஆசிரியராக விரும்புகிறேன். இந்தப் பட்டத்தை இணையானதாக ஏற்பார்களா?" என்று கேளுங்கள். ஒரே துறையாகத் தோன்றினாலும், பட்டத்தின் பெயர் வேறு என்பதற்காக ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு.

அரியர் விழுந்தால் அன்றே போங்கள். விடைத்தாள் நகல் வாங்கவும் மறுமதிப்பீடு கேட்கவும் குறிப்பிட்ட நாட்களே அவகாசம். அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும்.

போகும்போது மதிப்பெண் பட்டியலும், எழுதி வைத்த மூன்று கேள்விகளும் கையில் இருக்கட்டும். கிடைத்த பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னபடி செய்துவிட்டு மறுபடி போய்ச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வரும் மாணவனை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. நாளை மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப் போவதும் அவர்தான்.

எல்லா ஆசிரியர்களும் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. "இதெல்லாம் தெரியாதா?" என்று எரிந்து விழுவோரும் உண்டு. துவண்டு விடாதீர்கள். துறைத் தலைவர் இருக்கிறார். அவருக்கு மேல் முதல்வர் இருக்கிறார்.

மாணவிகள் தயங்கினால் தோழியை அழைத்துச் செல்லுங்கள். பேராசிரியை இருந்தால் அவரை அணுகுங்கள். தந்தை வளைகுடாவில் இருந்தால் என்ன? பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் போகலாமே! "எனக்குப் படிப்பு கிடையாது, நான் என்ன பேசுவது?" என்கிறீர்களா? "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்ற ஒரு கேள்வி போதும், தாய்மார்களே!

பட்டம் பெற்ற சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் முதலாமாண்டு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மாதம் ஒரு ஞாயிறு அவர்களோடு உட்காருங்கள். வருகை எவ்வளவு, அரியர் உண்டா, ஆலோசகர் யார் என்று கேளுங்கள். பணம் செலவில்லை, இரண்டு மணி நேரம்தான்.

அக்காளின் வளையல் ஒரு முறைதான் அடகுக்குப் போக முடியும். அந்தப் பணம் வீணாகாமல் காப்பது ஆசிரியர் அறைக் கதவைத் தட்டும் உங்கள் கையில் இருக்கிறது. நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய்த் தட்டுங்கள்!