கல்விச் சுற்றுலா ஓகே... 'சும்மா' சுற்றுலா எப்போ?

ஸ்கூல் டூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை, பஸ் கிளம்பிய பத்தாவது நிமிஷமே காலியான முறுக்கு, கடைசி வரிசையில் போட்ட ஆட்டம். போன இடத்தின் வரலாறு? ம்ஹூம்! அதற்காக அந்த டூர் வீண் என்று சொல்வீர்களா? மாட்டீர்கள்தானே?

ஆனால், சின்னக் குழந்தைகளை வெளியே அழைத்துப்போக நமக்கு எப்போதும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அதற்குத்தான் 'கல்விச் சுற்றுலா' என்ற பெயர். 2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு 'பை இல்லாத 10 நாள்கள்' என்கிறது. அதுவும் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் தொழில் பழகத்தான். பைக்கு லீவு, பாடத்துக்கு இல்லை!

இத்தனைக்கும் ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது, ஐ.நா-வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. 'ஹோம்வொர்க்கை முடிச்சாதான்' என்ற நிபந்தனையெல்லாம் அதில் கிடையாது.

தருமபுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள மாவட்டம் இது. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறக்கப்பட்டது. தருமபுரி நகரத்திலிருந்து ஒகேனக்கல் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். குழாயில் தினமும் குடிக்கிற அந்தக் காவிரியை, உங்கள் தெரு ஒண்ணாங்கிளாஸ் வாண்டு நேரில் பார்த்திருக்கிறதா? கேட்டுப்பாருங்கள்.

கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவின் பிள்ளை, ஊரில் பாட்டியோடு இருக்கும். அதை யார் கூட்டிட்டுப் போவாங்க? பள்ளிக்கூடம் அழைத்துப் போனால்தான் உண்டு. பணம் கட்டினால்தான் வரலாம் என்கிற தீம் பார்க் டூரில், இந்தப் பிள்ளைதான் முதலில் விடுபடும்.

சரி, ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள்? பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2022 அக்டோபர் 5 இரவு, கேரளாவின் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலா பஸ் அரசு பஸ் மீது மோதி, 5 மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வதோதரா ஏரியில் படகு கவிழ்ந்து, பிக்னிக் போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். ஒன்று, இரவில் வேகமாகப் போன நெடும்பயணம். இன்னொன்று, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. பலருக்கு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை. இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடியவை.

அப்படியென்றால் சின்னக் குழந்தைகளுக்கான டூர் எப்படி இருக்கணும்? பக்கத்து ஊர், பகல் நேரம், தண்ணீரில் இறங்காத திட்டம். ஒகேனக்கல் என்றால் முதலைப் பண்ணையும் தூரத்திலிருந்து பார்க்கிற அருவியும் போதும். பரிசல் வளர்ந்த பிறகு பார்த்துக்கலாம். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள், முதல் நாளே விசாரித்துவிடுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாமா? ஊர்ப் பக்கத்து மாந்தோப்பே போதும். ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் 'என்சோகு' என்று ஒருநாள் உலா உண்டு. சாப்பாட்டையும் நொறுக்குத்தீனியையும் கட்டிக்கொண்டு, பக்கத்துப் பூங்காவுக்குக்கூடக் கிளம்பிவிடுவார்கள்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2024-ல் மாற்றியமைக்கப்பட்ட அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் படித்த பள்ளியின் அடுத்த கூட்டத்தில் போய்ப் பேசுங்கள். வேன் வாடகையை நண்பர்கள் நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். கூடவே போய், பத்துப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கிற பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். டீச்சருக்கு அதுவே பெரிய தைரியம்.

முக்கியமா ஒண்ணு... திரும்பி வந்த குழந்தையிடம் 'என்ன கத்துக்கிட்ட?'ன்னு கேட்காதீங்க. 'ஜாலியா இருந்துச்சா?'ன்னு மட்டும் கேளுங்க!