பத்துப் பைசாவுக்குக் கணக்கு எங்கே?

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று தனியார் பள்ளிகளுக்கு இந்த ஆண்டும் சுற்றறிக்கை போய்விட்டது. ஆண்டுதோறும் போவதுதான். தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு அதே வாசகங்கள். வெயிலில் பிள்ளைகளை வதைக்காதீர்கள் என்கிறது, நல்லது. வகுப்புக்குப் போகாத பிள்ளை வேறு எங்கே போகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும், தாத்தாவுக்கும், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் அக்காவுக்கும் மே மாதம் என்று ஒன்று உண்டு என்பது யாருக்கும் நினைவிருப்பதாகவே தெரியவில்லை.

பாளையங்கோட்டையை வைத்தே பேசுகிறேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஊர். தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923 என்று மூன்று பழைய கல்லூரிகள். அதன் பிறகு சித்த மருத்துவக் கல்லூரி, ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி, ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி. பள்ளிகளையும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களையும் சேர்த்தால் மூச்சு வாங்கும். ஊருக்குள் மரமும் நிழலும் திறந்த வெளியும் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் இந்த மதில்களுக்கு உள்ளேதான் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் அந்த மதில்களின் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஊரில் பாதிப்பேர் எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடுவதும் அதே வாரத்தில்தான் தொடங்குகிறது.

பேத்தியைச் சைக்கிள் பழக்கலாம் என்று ஒரு மாலை ஒரு கல்லூரி வாசலுக்குக் கூட்டிப்போனேன். காவலாளி நல்ல மனிதர். "அண்ணாச்சி, உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ. லீவுல்லா." அப்படியென்றால் கல்லூரி திறந்த பிறகு வரட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பவும் விடமாட்டாவ, அண்ணாச்சி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பேத்தி கடைசியில் தெருவில்தான் பழகினாள், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே.

கதவு சாத்தியிருக்கும் ஊரில் கடை திறக்கிறது. மே மாதம் முழுக்க மின்கம்பங்களில் கோடைகால முகாம் ஃபிளெக்ஸ்கள்: அபாகஸ், வேத கணிதம், ரோபோட்டிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு. எல்லாவற்றின் அடியிலும் வயது ஐந்து முதல் பதினைந்து வரை என்று இருக்கும். பதினாறு வயதுப் பையனுக்குக் கோடை முடிந்துவிட்டது. அவனை நீட் பயிற்சி மையம் எடுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கோடை என்பது விருந்தாளிகளுக்குச் சமைப்பதும் வற்றல் போடுவதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிற ஊர் இது. அவர்களுக்குத் தொலைக்காட்சி. கோடை என்பது குழந்தைகளுக்கான ஒரு குறுகிய காலப் படிப்பாக எப்போது மாறியது? கட்டணம் கட்டிச் சேர்த்து, பத்தாம் நாள் சான்றிதழ் வாங்கி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் பெற்றோரின் கடமை தீர்ந்தது.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் வட்டத்தார் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா விளையாட்டரங்கத்தில் பயிற்சி முகாம் வைக்கிறது. அதுவும் பதினெட்டு வயதோடு சரி. புத்தகத் திருவிழாவோ பெரும்பாலும் கோடைக்கு முன்பே, பிள்ளைகள் முழுத்தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் முடிந்துபோகிறது. தேவாலயங்களில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது வி.பி.எஸ்.தான் இவற்றில் உருப்படியானது என்பேன். மே மாதத்தில் பத்து நாள், பாட்டும் கதையும் கைவேலையும், கடைசி நாள் தெருவில் பவனி. பத்தாம் வகுப்பு முடித்த அக்காதான் அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியை. பயிற்சி பெற்ற நிபுணர் யாரும் வருவதில்லை. என் தெருவில் திருநீறு பூசிய வீட்டுப் பிள்ளைகளும் போய்ப் பாடிவிட்டு வருகிறார்கள். யாருக்கும் எந்தக் கேடும் வந்துவிடவில்லை.

ஆனாலும் எல்லா வயதினரும் ஒரே இடத்தில் கூடுகிற கோடை நிகழ்ச்சி என்றால் இந்தச் சீமையில் இன்றுவரை கோயில் கொடைதான். பாளையங்கோட்டையைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் சித்திரை, வைகாசியில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஏதோ ஓர் ஊரில் முத்தாரம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடந்துகொண்டிருக்கும். மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். இரவு பதினோரு மணிக்கு வில்லுப்பாட்டு மேடை முன்னால் போய்ப் பாருங்கள். முதல் வரிசையில் கிழவிகள். அவர்கள் மடியில் தூங்கும் பேரப்பிள்ளைகள். குடத்தின் வாயில் மட்டை விழும் ஒவ்வோர் அடிக்கும் பிள்ளை ஒருமுறை துள்ளி, மறுபடி தூங்கும். பின்னால் பொரிகடலைக் கடையைச் சுற்றி இளவட்டங்கள், வேப்பமரத்தடியில் நிர்வாகக் குழு. எந்த வயதுக்காரரையும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. எந்த வயதுக்கு எந்த நிகழ்ச்சி என்று பிரிப்பதும் இல்லை. சாதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. எந்தத் தெருவின் கொடை என்பதிலேயே அது வந்துவிடுகிறது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான வேறொரு மைதானம் வேண்டும் என்கிறேன்.

கொடையில் நான் பார்ப்பது அதன் வரியை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டம் போட்டு நிர்ணயிக்கிறார்கள். வெளியூரில் இருப்பவரிடமும் வாங்கிவிடுகிறார்கள். கொடை முடிந்ததும் மேளத்துக்கு இவ்வளவு, வில்லுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று கணக்கு வாசிப்பார்கள். அம்பது ரூபாய் இடித்தால் அங்கேயே சண்டை. போன வருடத்து மிச்சம் எங்கே என்று கேட்பதற்கென்றே ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார்.

இப்போது இன்னொரு வரிக்கு வருகிறேன். இதை நான் எழுதாத இடமில்லை. நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். 3,000 ரூபாய் சொத்து வரி என்றால் அதன் மேல் 300 ரூபாய் நூலகத்துக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த சட்டம், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் முயன்றதால் வந்தது. அந்தச் சட்டம் புத்தகம் அடுக்கிவைப்பதோடு நிற்கவில்லை. சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்ய மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அதிலேயே அதிகாரம் இருக்கிறது. அதாவது, எல்லா வயதினருக்குமான கோடை நிகழ்ச்சிக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. வசூல் செய்கிறது மாநகராட்சி. ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று உங்கள் வார்டில் யாராவது ஒருமுறையாவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? சுடலைமாடன் கோயிலில் அம்பது ரூபாய்க்கு வேட்டியை மடித்துக் கட்டுகிறவர், மாநகராட்சியிடம் முந்நூறு ரூபாய்க்கு வாயைத் திறப்பதில்லை. ரசீதில் அந்த வரி தனியாகத் தெரிகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இதைச் சொன்னால் உடனே சிலர் நூலகக் கட்டடத்தில் இடம் ஏது என்கிறார்கள். அதற்குத்தான் கல்லூரி. இரண்டு மாதம் சும்மா கிடக்கும் அரங்கங்கள், மின்விசிறி ஓடும் வகுப்பறைகள், ஆலமரமும் வேம்புமாக ஐந்து மணிக்கே நிழல் விழுந்துவிடும் திடல்கள். அக்னி நட்சத்திரம் மே 4-இல் தொடங்கி 28 வரை. பகலில் யாரையும் வெளியே வரச் சொல்லவில்லை. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை கதவைத் திறந்தால் போதும்.

நிர்வாகங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. பாதுகாப்பு என்பார்கள். மாணவர்கள் இருக்கும்போது பாதுகாப்பு பேசலாம். ஆளில்லாத திடலில் யாருக்குப் பாதுகாப்பு? பொதுமக்கள் அசுத்தம் செய்வார்கள் என்பார்கள். நாங்கள் அங்கே படித்தவர்கள்தானே. பல்கலைக்கழகத் தேர்வு, விடைத்தாள் திருத்தும் பணி, தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று வரிசையாக வரும். திருமண வரவேற்புக்கும் அரசியல் கட்சிக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும்போது இந்தக் காரணங்கள் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. முகாம் நடத்தும் தனியார் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

கோடையில் நடத்த வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் பொறுமையாகச் சொல்ல வேண்டும், நீச்சல். தாமிரபரணி ஓடுகிற ஊர் இது. குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் என் தலைமுறை யாரிடமும் காசு கொடுத்து நீச்சல் படிக்கவில்லை. பெரியவர் ஒருவர் வாழைத்தண்டையோ சுரைக்குடுக்கையையோ கட்டித் தள்ளிவிடுவார். மூன்றாம் நாள் அக்கரை. இன்று ஆற்றில் சாக்கடை கலக்கிறது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெற்றோர் ஆற்றுப் பக்கமே விடுவதில்லை. ஆனால் மே மாதம் வந்தால் விருந்துக்கு வந்த வெளியூர்ப் பிள்ளை மூழ்கிய செய்தி நாளிதழில் வராமல் இருப்பதும் இல்லை. பள்ளம் தெரிந்த, கரை தெரிந்த கிழவர்கள் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆற்றில் பாதுகாப்பான ஒரு படித்துறையைக் குறித்து, கயிறு கட்டி, தீயணைப்புத் துறையிலிருந்து இரண்டு பேரை நிறுத்தி, அந்தக் கிழவர்களை உட்காரவைத்து ஒரு மாதம் கற்றுக்கொடுக்கச் சொல்ல எத்தனை கோடி வேண்டும்? பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். அவர்களின் அம்மாக்களும் கூடவே இறங்கலாம். பலருக்கு அது நிறைவேறாத ஆசை. கல்லூரிகளில் உடற்கல்வித் துறைகள் இருக்கின்றன, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாமுக்குக் கிராமத்தைத் தேடிப் பேருந்தில் போகிறவர்கள், எதிரே இருக்கிற ஆற்றுக்கு வரட்டுமே.

கல்லூரித் திடல்களைத் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாயிற்று, மனு கொடுத்தாயிற்று. இனிச் சட்டத்தைப் பேச வேண்டியதுதான். கல்வி நிலையங்களின் கட்டடங்களுக்குச் சொத்து வரி விலக்கு என்பது நெடுநாளைய சலுகை. சொத்து வரி இல்லையென்றால் அதன் மேல் வரும் நூலக வரியும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கித் தந்த கட்டடங்கள் ஊர் நூலகத்துக்குப் பத்துப் பைசா தருவதில்லை. தகரக்கூரை வீட்டுக்காரர் தருகிறார். 1920-ஆம் ஆண்டின் பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இந்த விலக்குப் பட்டியலைப் படித்தால் ஒரு நிபந்தனை கண்ணில் படும். நூலகங்களையும் விளையாட்டுத் திடல்களையும் சொல்லும் இடத்தில், அவை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே புரிந்திருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, கல்விக் கட்டடம் வேறு திடல் வேறு, சுயநிதிக் கல்லூரி வேறு என்று வழக்கறிஞர்கள் பிரித்துப் பேசுவார்கள். பேசட்டும். எனக்கு நியாயம் தெளிவாகவே இருக்கிறது: ஊருக்குத் திறக்காத திடலுக்கு ஊர் சலுகை தர வேண்டியதில்லை.

நெல்லை மாநகராட்சி செய்ய வேண்டியது எளிது. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம். ஒன்று, நூலக வரியில் வசூல் எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்று வார்டு வாரியாகக் கணக்கு வாசிப்பது. இரண்டு, மே மாதத்தில் மாலை நேரம் பொதுமக்களுக்குத் திறக்காத கல்லூரித் திடல்களைக் காலி மனையாகக் கருதி வரி விதிப்பது. முதல் நோட்டீஸ் ஒட்டப்படும் வாரத்திலேயே சாவி கிடைத்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் மேடையேறி ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லும் வேட்பாளரிடம், கூட்டத்தை எந்த மைதானத்தில் போட்டார், அதற்கு யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேளுங்கள்.