கம்ப்யூட்டர் புயலும் தானே புயலும்

சினிமாவில் கடல் பொங்கினால் உடனே ‘கிராஃபிக்ஸ் சூப்பர்’ என்கிறோம். ‘தசாவதாரம்’ (2008) படத்தில் 2004 சுனாமியைக் காட்டினார்கள். ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்துக்குத் தைவானில் பெரிய தொட்டி கட்டி, நிஜத் தண்ணீரில் அலை எழுப்பி, மீதிக் கடலையும் வானத்தையும் கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். அதனால்தான் படகு ஆடும்போது நமக்கே வயித்தைப் புரட்டுது!

ஆனா தோழிகளே, புயல்னா அலை மட்டும்தானா? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம்ம கடலூர் மாவட்டத்தை அடிச்சப்போ, நெய்வேலிக்குக் கடல் வரலை, காத்துதான் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. புதுசா கன்று வச்சா காய்க்க வருஷக்கணக்காகும். எங்க வீட்டுப் பெரியவங்க இன்னும் அந்தக் காத்துச் சத்தத்தைத்தான் சொல்றாங்க. மறுநாள் வெறிச்சுக் கிடந்த தோப்பை எந்தப் படத்திலும் நான் பார்க்கலை.

அலையை உயரமாக்கச் செலவு செய்கிறவர்கள் ஒரு முந்திரித் தோப்பு சாய்வதையும் கம்ப்யூட்டரில் போடட்டும். ‘கிராஃபிக்ஸ் சூப்பர்’னு முதலில் நான் சொல்றேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி