கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது: ஒரு விரல் போன கதை

"டாக்டரம்மா, கப்பல்ல என்னென்ன கொண்டு போகக் கூடாதுன்னு பெரிய லிஸ்ட் குடுத்துட்டாங்க. என்ன கொண்டு போகணும்னு யாருமே சொல்லலையே."

போன வருடம் என் ஓபியில் உட்கார்ந்து ஒரு பாய் கேட்டது இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். வயசு 62. பதினஞ்சு வருஷமா சுகர், கூடவே பிபி. காலை, ராத்திரி இன்சுலின். இந்தக் கேள்வியை அவர் கேட்டது கப்பலுக்குப் போகும் முன்னால் இல்லை. போய்விட்டு வந்த பிறகு, வலது கால் சுண்டு விரல் கறுத்துப்போன நிலையில்.

அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் கப்பல் பயணம் என்பது இப்போது கோடீஸ்வரர் சமாச்சாரம் இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்தது. 2023 ஜூனில் அது இலங்கைக்கும் போனது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை அங்கே வரவழைத்து நாலு நாள் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். நல்ல விஷயம். வாழ்நாள் முழுக்க தோல் வாசனையில் உழைத்தவர்கள் கடல் காற்று வாங்கட்டும். ஆனால் அப்படிப் போகிறவர்களில் பாதிப் பேர் சுகர், பிபி, இதய நோய்க்காரர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பாய்க்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் கப்பல் முனையத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெரிய பெட்டிகளை டேக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். எல்லாக் கப்பலிலும் இதுதான் நடைமுறை. பெட்டி ஸ்கேன் ஆகி உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம், சில நேரம் ராத்திரி ஆகிவிடும். பாயோட இன்சுலின் எங்கே? பெரிய பெட்டிக்குள், பத்திரமாக, மூணு லுங்கிக்கு நடுவில்!

கப்பலில் ஏறியதும் பஃபே. பிரியாணி, கேசரி, ஐஸ்கிரீம் எல்லாம் இருந்தது. இன்சுலின் இல்லாமல் சாப்பிட்டார். ராத்திரி தலைசுற்றல், நாக்கு வறட்சி. கப்பல் டாக்டரிடம் போனால் சுகர் 400-ஐத் தாண்டி நிற்கிறது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று அவர் கேட்டிருக்கிறார். பெட்டி வந்ததும் பாய் எடுத்துக் காட்டியது ஒரு பிளாஸ்டிக் டப்பா. எல்லா மாத்திரையையும் அட்டையில் இருந்து பிரித்து, "இடம் அடைக்குதேன்னு" ஒன்றாகக் கொட்டி எடுத்துப் போயிருக்கிறார். வெள்ளை மாத்திரை மட்டும் நாலு வகை. எது பிபிக்கு, எது சுகருக்கு, எது ரத்தம் உறையாமல் இருக்க? அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

அவர் மேல் மட்டும் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் பங்கும் இருக்கிறது. மருந்துச் சீட்டை ஜெனரிக் பெயரில், படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவ கவுன்சில் விதி கொண்டுவந்தது. எத்தனை பேர் எழுதுகிறோம்? பாய் பர்ஸில் இருந்த சீட்டு நான் எழுதியதுதான். அதை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிராண்ட் பெயர், அதுவும் கிறுக்கல். வெளிநாட்டு டாக்டருக்கு நம்ம ஊர் பிராண்ட் பெயர் ஒன்றுமே சொல்லாது. அதற்குப் பிறகு, பயணம் போகிறேன் என்று யார் சொன்னாலும் டைப் செய்து ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்துவிடுகிறேன். என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, எதற்கு அலர்ஜி. உங்கள் டாக்டரிடமும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஆக, மருந்து முழுக்கக் கைப்பையில். அட்டையோடு, சீட்டோடு. நாலு நாள் பயணத்துக்கு எட்டு நாள் மருந்து. விமானத்திலும் அப்படித்தான். செக்-இன் பெட்டி தொலைந்தால் இன்சுலினும் தொலையும். சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோன இன்சுலினை உருகவைத்துப் போட்டால் அது வேலை செய்யாது. 100 மில்லி விதியை நினைத்துப் பயப்பட வேண்டாம். மருந்துக்கு விலக்கு உண்டு, சீட்டைக் காட்டினால் போதும்.

நம்ம ஊர் மே மாத வெயிலில் பானைத் தண்ணீரில் இன்சுலின் வைக்கச் சொல்வோம் இல்லையா, அதே கவனம் பயணத்திலும் வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழ் சுமார் நாலு வாரம் தாங்கும். ஏசி அறை போதும். புதுப் பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜ் வேண்டும். கப்பல் அறையில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள், பலதும் கூல்டிரிங்க்ஸ் ஜில்லென்று இருக்க மட்டும்தான். மெடிக்கல் சென்டரில் கேளுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு அறைக் குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். அதைச் சுத்தம் செய்ய வருபவரும் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கிறவர், அவர் கையில் குத்தும். ஊசி போட ஒரு டப்பா கேட்டால் தருவார்கள்.

சரி, அந்த "கூடாது" லிஸ்ட்டுக்கு வருவோம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் காய்ச்சும் காயில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுபத்தி, கற்பூரம். இதில் எதை எடுத்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். "ஒரு டீ போட முடியலைன்னா என்னங்க கப்பல்" என்று கோபப்படும் மாமாக்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் ஞாபகம் இருக்கிறதா? 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து பலர் இறந்தார்கள். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். கடலில் எங்கே ஓடுவது? மற்றபடி, மூக்கில் மாஸ்க் போட்டு சிபேப் மெஷினோடு தூங்குகிறவர்கள் புக்கிங் போதே சொல்லிவிட்டால் ஒயர் அவர்களே தருவார்கள். பவர் பேங்க் மட்டும் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் கூடாது.

சமைத்த சாப்பாடும் கூடாது. ஒருத்தர் எங்கிட்டயே கேட்டார், "ரெண்டு கிலோ ஆம்பூர் பிரியாணி டப்பால கட்டி எடுத்துட்டுப் போகலாமா?" ஆசை புரிகிறது. ஆனால் வெந்த சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அதில் வளரும் பேசிலஸ் கிருமியின் நச்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் சாகாது. ஹலால், சைவம், ஜைன உணவு என்று எது வேண்டுமானாலும் புக்கிங் போதே எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள். லோ சுகருக்கு பேக்கெட் குளுக்கோஸ், சீல் பிரிக்காத பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம்.

ஏறும்போது "வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கிறதா?" என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். காசு கட்டியாச்சே என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போடாதீர்கள். கப்பலில் நோரோவைரஸ் ஒருத்தரிடம் இருந்து நூறு பேருக்குப் போகும். அதற்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3711 பேரில் 712 பேருக்குக் கொரோனா வந்தது. நாலு ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை உண்டு, ஆனால் வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் பயன் குறைவு. கிளம்பும் முன்பே போட வேண்டும். ப்ரோமெத்தசின் வகை மாத்திரை போட்டால் தூக்கம் வரும். ப்ராஸ்டேட் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்காமல் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்து சொல்லப்போவது கப்பலைவிட வளைகுடா போகிறவர்களுக்கு, உம்ரா போகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். நம்ம தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்கிறார். "தம்பிக்கு இருமலாம், இந்த சிரப்பைக் குடுத்துடுங்க" என்று பக்கத்து வீட்டில் கொடுப்பதை வாங்காதீர்கள். கோடீன் கலந்த சிரப், டிராமடால் வலி மாத்திரை, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை எல்லாம் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கே முன் அனுமதி வாங்கித்தான் கொண்டு போக வேண்டும். கசகசா இன்னொன்று. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். சவுதி, அமீரகம், சிங்கப்பூர் மூன்றிலும் அது போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது. பெரியம்மா அன்போடு அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று நீங்கள் ஏர்போர்ட்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இனி விரலுக்கு வருகிறேன். எனக்கு இன்னும் ஆறாத இடம் அதுதான்.

கப்பல் லிஸ்ட்டில் "ஃபார்மல் நைட், ஷூ கட்டாயம்" என்று இருந்ததாம். மகன் புது லெதர் ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடம் வெளிநாட்டுக்காரன் காலுக்குத் தோல் வெட்டிய மனுஷன், அவர் காலுக்கு எப்பவும் ரப்பர் செருப்புதான். முதல் நாள் புது ஷூவைப் போட்டு நாலு மணி நேரம் நடந்திருக்கிறார். சுகரால் காலில் உணர்ச்சி செத்துப்போன விஷயம் அவருக்குத் தெரியாது. ஷூ கடித்தது வலிக்கவே இல்லை. சாக்ஸில் ரத்தம் இருந்ததை மறுநாள் அவர் மனைவிதான் பார்த்திருக்கிறார். "சின்னக் காயம்தானே" என்று பேண்டேஜ் ஒட்டி மறுபடி அதே ஷூ. ஊருக்கு வந்து என்னிடம் வந்தபோது எலும்பு வரை சீழ். வேலூருக்கு அனுப்பினேன், விரலை எடுத்தார்கள். சுகர் 400-ல் இருந்த அந்த நாட்கள் காயத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றின.

இத்தனைக்கும், உணர்ச்சி இல்லாத காலுக்கு என்ன செருப்பு போட வேண்டும் என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் நம்ம வேலூரும் ஒன்று. சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்டும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் செய்த வேலை அது. தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்கு வந்த எம்சிஆர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சுகர் கால்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் செருப்பு பாய் வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. கப்பலுக்கு "நல்லா இருக்காது" என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

என் கருத்தைப் பட்டென்று சொல்கிறேன். சுகர் உள்ளவர் எந்தப் பயணத்துக்கும் புது ஷூ எடுத்துப் போகக் கூடாது. எந்தக் கப்பல் கேட்டாலும் சரி. பின்பட்டி வைத்த கறுப்பு எம்சிஆர் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் கடிதத்தைக் காட்டுங்கள். விடவில்லை என்றால் பஃபேயில் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள். ஒரு டின்னருக்காக ஒரு விரல் கொடுக்க முடியாது. ஷூதான் வேண்டும் என்றால் ரெண்டு வாரம் முன்பே வாங்குங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்கி, தினம் அரை மணி, ஒரு மணி என்று வீட்டில் பழக்குங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மத்தியான வெயிலில் அந்தத் தரை சுடும், உங்களுக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, கூட வந்தவரை விட்டோ பாருங்கள். கால் உணர்ச்சியைப் பார்க்கும் நைலான் இழை டெஸ்ட் ரெண்டு நிமிஷ வேலை. போன வருஷம் யாரும் செய்யவில்லை என்றால் டிக்கெட் போடும் முன் செய்துகொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது "ஏற்கெனவே உள்ள நோய்களும் சேரும்" என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கப்பல் டாக்டர் இலவசம் இல்லை, பில் டாலரில் வரும். கர்ப்பிணிகளை 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். புக்கிங் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இன்சுலின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. கமெண்டில் கேட்டால் நான் சொல்ல மாட்டேன், உங்களைப் பார்க்கும் டாக்டரைக் கேளுங்கள். மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து இங்கே போடவும் வேண்டாம், அதில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கும்.