அறுந்தது தெரியாத சர்வர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அப்படியொரு காற்றில் பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் முந்திரிக் கிளை விழுந்து கேபிள் அறுந்தால், இங்கே மோடத்தில் உடனே சிவப்பு விளக்கு. எங்கோ இருக்கும் சர்வருக்கு மட்டும் சேதியே போகாது. இரு கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்பில் மௌனம் பிரிவாகாது. ‘இருக்கியா?’ என்று விசாரிக்கும் கீப்-அலைவ் உண்டுதான். லினக்ஸில் அதைப் புரோகிராம்தான் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் முதல் விசாரிப்புக்கே 7,200 விநாடி. பிறகு 75 விநாடிக்கொரு தரம், ஒன்பது முறை. ஆக, அறுந்ததைச் சர்வர் அறிய 2 மணி 11 நிமிடம்! முதல் விசாரிப்புக்கான அந்த இரண்டு மணி நேரம், 1989 இணைய விதி ஒன்றின் மிச்சம். அன்று பாக்கெட்டுக்குக் காசு கேட்ட காலம். இன்றும் அதை மாற்றாமல் விடுவது சுத்தச் சோம்பேறித்தனம். முப்பது விநாடி என்று வைத்தால் எந்தச் சர்வர் மூழ்கிவிடும்? டீக்கடைக்காரர், பணம் போகாமல் என் ஃபோனில் சுற்றும் வட்டத்தைப் பார்த்து, “சில்லறையா குடுங்கண்ணே” என்கிறார்.