'எரர்' என்றால் என்ன எரர்?

ஆண்டு மலருக்கு நட்பைப் பற்றி எழுது, நாளைய பாரதத்தின் தூண்களைப் பற்றி எழுது என்று சொன்னார்கள். அதற்கெல்லாம் நம் வகுப்பிலேயே நாலு கவிஞர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது நம் எல்லோருடைய சி லேப் ரெக்கார்டு நோட்டிலும் இருக்கிற ஒரே ஒரு வரியைப் பற்றி. ஃபைல் திறக்கவில்லை என்றால் "எரர்" என்று பிரிண்ட் பண்ணிவிட்டு, எக்ஸிட் சைபர் போட்டு ஓடிப்போகிற அந்த வரி. நாம் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். அவங்க அவங்களுடைய சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினாங்க. யாரும் அந்த வரியை நிறுத்திக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கேட்டதும் அடிபட்ட பிறகுதான். போன செமஸ்டர் பிராக்டிகலில் எனக்கு வந்த கேள்வி, ஃபைல் பெயரைக் கேட்டு வாங்கி அதில் உள்ள மார்க்குகளைக் கூட்டிக் காட்ட வேண்டும். அல்வா மாதிரி கேள்வி. இருபது நிமிஷத்தில் அடித்தேன், கம்பைல் ஆச்சு. ரன் பண்ணினால் "எரர்". ஃபைல் என்னமோ அதே டைரக்டரியில் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கு. பெயரை மாற்றிப் பார்த்தேன். பெர்மிஷன் பிரச்சனையோ என்று 777 வரைக்கும் கொடுத்துப் பார்த்தேன். வேறு மெஷின் கேட்டு மாறினேன். அங்கேயும் "எரர்". மூன்று மணி நேரப் பரீட்சையில் ஒரு மணி நேரம் இப்படியே போச்சு. எக்ஸ்டர்னல் இரண்டு தடவை என் பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் போனார். வியர்த்துக் கொட்டியது.

காரணம் இதுதான். எஃப்கெட்ஸ் மூலம் பெயரை வாங்கினால், நாம் எண்டர் தட்டிய நியூலைனும் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்ட மறந்துவிட்டேன். ஆகவே கெர்னல் தேடியது, பெயருக்குக் கடைசியில் நியூலைன் உள்ள ஒரு ஃபைலை. அப்படி ஒரு ஃபைல் உலகத்தில் ஏது?

மறந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் போனது அதனால் இல்லை. கெர்னல் காரணத்தைச் சொல்லியும் நான் அதைத் தூக்கி எறிந்தேனே, அதனால்தான். எஃப்ஓபன் உள்ளுக்குள் ஓபன் என்ற சிஸ்டம் காலைக் கூப்பிடுகிறது. அது தோற்றால் சும்மா தோற்பதில்லை. எர்நோ என்ற இடத்தில் ஒரு எண்ணை வைத்துவிட்டுத்தான் திரும்புகிறது. லினக்ஸில் 2 என்றால் அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 24 என்றால் ஏற்கெனவே நிறைய ஃபைல்களைத் திறந்து வைத்து மூடாமல் விட்டிருக்கிறாய். 28 என்றால் டிஸ்கில் இடம் இல்லை. எண்ணைக் கொடுத்தால் ஸ்ட்ர்எரர் என்ற ஃபங்ஷன் அதை வாக்கியமாகவே மாற்றித் தரும். இவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு "எரர்" என்று மட்டும் சொல்வது, எந்த பேப்பர் என்று போடாமல் "பெயில்" என்று மட்டும் ஒட்டின ரிசல்ட் ஷீட் மாதிரி. அப்படி ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா?

"அதுக்குத்தான் பிஎரர் இருக்கே" என்பான் படிக்கிற பையன். இருக்கு, ஆனால் அது பாதிதான். பிஎரருக்குள் எஃப்ஓபன் என்று கொடுத்தால், "எஃப்ஓபன்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வரும். எந்த ஃபைல்? பத்து ஃபைல் திறக்கிற புரோகிராமில் இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெசேஜில் புரோகிராமின் பெயர் வேண்டும், என்ன செய்யப் போய்த் தோற்றது என்று வேண்டும், எந்த ஃபைல் என்று வேண்டும், கடைசியில் கெர்னல் சொன்ன காரணம் வேண்டும். ஃபைல் பெயரை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும் என்பது என் சொந்த அனுபவம். அன்றைக்கு நான் அப்படிப் போட்டிருந்தால், மூடுகிற குறி அடுத்த வரியில் போய் விழுந்திருக்கும். அதைப் பார்த்த நிமிஷமே நியூலைன் பிடிபட்டிருக்கும்.

எர்நோவிலும் ஒரு வம்பு உண்டு. கால் ஜெயித்தால் அந்த எண் சைபர் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். பழைய எண் அப்படியே கிடக்கும். ஆகவே கால் தோற்றது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும். அதுவும் உடனே பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால்கூட எண் மாறிவிடலாம். பழைய யூனிக்ஸ்களில் மெயில் ஏன் போகவில்லை என்று பார்த்தால் "நாட் எ டைப்ரைட்டர்" என்று வரும் கூத்து இப்படித்தான் நடந்தது. இது டெர்மினலா என்று லைப்ரரி எங்கேயோ சோதித்தபோது விழுந்த எண்ணை, யாரோ மெயிலின் காரணமாகப் பிரிண்ட் பண்ணிவிட்டார்கள்.

இன்னொன்று, எக்ஸிட் சைபர். ஷெல்லுக்குச் சைபர் என்றால் "வேலை நல்லபடியாக முடிந்தது" என்று அர்த்தம். தோற்றுவிட்டு ஜெயித்தேன் என்று சொல்கிறோம்! எக்ஸிட் ஒன்று போடுங்கள். மெசேஜையும் எஸ்டிடிஎரருக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பும்போது மெசேஜும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பிராக்டிகலாவது என்னோடு போச்சு. ஹாஸ்டல் மெஸ் கணக்கு விஷயத்தில் நண்பர்கள் பணமே போச்சு. புராஜெக்டுக்காக நான் எழுதிய புரோகிராம் அது. யார் யார் எக்ஸ்ட்ரா முட்டை, ஆம்லெட் வாங்கினார்கள் என்று ஒவ்வொரு ராத்திரியும் அன்றைக்கான ஃபைலில் எழுதிவிட்டு, "சேமிக்கப்பட்டது" என்று காட்டும். மாசக் கடைசியில் பார்த்தால் 11 நாள் ஃபைல்கள் 0 பைட். யாரோ சினிமாப் படங்களை ஏற்றி டிஸ்க் நிரம்பியிருக்கிறது. ஃபைல் திறந்தது. எஃப்பிரிண்ட்எஃப்பும் தோற்கவில்லை, ஏனென்றால் அது எழுதியது மெமரியில் உள்ள பஃபரில். டிஸ்குக்குத் தள்ளுகிற வேலை எஃப்குளோஸ் சமயத்தில்தான் நடந்தது. அங்கேதான் 28 வந்திருக்கிறது. எஃப்குளோஸ் என்ன பதில் தருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. நம்மில் யார் பார்க்கிறோம்? கடைசியில் அந்த 11 நாள் செலவை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார்கள். முட்டையையே தொடாத என் ரூம்மேட்டும் ஆம்லெட்டுக்குக் காசு கட்டினான். இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இப்போது அந்த புரோகிராம் எஃப்குளோஸையும் சோதிக்கிறது. தோற்றால், எந்த ஃபைல், டிஸ்கில் இடம் இல்லை, இன்றைய கணக்கு சேமிக்கப்படவில்லை, நோட்டில் எழுதி வையுங்கள் என்று தமிழிலேயே சொல்லும். மெஸ் அண்ணனுக்கு 28 என்றால் என்ன தெரியும்? எது போச்சு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

"மச்சி, எக்ஸாமினர் இதுக்கு மார்க் போட மாட்டார், வரி வேற அதிகமாகுது" என்கிறார்கள். மார்க் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வரி அதிகம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிஎஸ்டியிலிருந்து வந்த 'எர்' என்ற ஃபங்ஷன் நம் லினக்ஸிலும் இருக்கிறது. புரோகிராம் பெயர், நாம் கொடுக்கும் வாக்கியம், கெர்னல் சொன்ன காரணம் மூன்றையும் எஸ்டிடிஎரரில் போட்டு, நாம் சொன்ன எண்ணோடு எக்ஸிட்டும் ஆகிவிடும். எல்லாம் ஒரே வரி.

யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சன் 1969-ல் எழுதிய எட் எடிட்டர், தப்புக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியை மட்டும் போடுமே என்று ஒரு புத்திசாலி கேட்டான். அந்தக் காலத்து மாடல் 33 டெலிடைப் விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். நீளமாகச் சொன்னால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். நமக்கு அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது?

என் ரெக்கார்டு நோட்டை இரண்டாம் வருஷத் தம்பிகள் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்கள். கொடுக்கும் முன் ஃபைல் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் அந்த வரியைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் புதுசு எழுதியிருக்கிறேன். காப்பி அடிக்கிறவர்கள் பேனாவில் இருப்பதை விட்டுவிட்டு, பென்சிலில் இருப்பதை அடிக்கவும்.