சமன்பாடும் உண்மையும்



சென்ற திங்கள் ஒரு மாலை, பத்தாம் வகுப்பு பயிலும் சிறுவன் ஒருவன் வேதியியல் ஏட்டுடன் நம்மிடம் வந்தான். ‘தாமிரம் + இரும்பு சல்பேட்டு → தாமிர சல்பேட்டு + இரும்பு’ என்று அவன் எழுதியிருந்த சமன்பாட்டை ஆசிரியர் அடித்திருந்தார். “இரு பக்கமும் அணுக்கள் சமமாகத்தானே இருக்கின்றன, சாமி?” என்றான். நாமும் எண்ணிப் பார்த்தோம், சமமாகவே இருந்தன. “சரிதான் மகனே” என்று அனுப்பிவிட்டோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமது வேதியியல் அவ்வளவே! அவன் மறந்து விட்டுச் சென்ற பாடநூலை இரவில் புரட்டியபோதே நம் பிழை விளங்கிற்று.

உலோகங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், தாமிரம், வெள்ளி, தங்கம் என அது இறங்குகிறது. மேலே நிற்கும் உலோகம் கீழே நிற்பதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். கீழுள்ளது மேலுள்ளதை அசைக்காது. ஆகவே இரும்பு தாமிரத்தை வெளியேற்றும். தாமிரம் இரும்பை வெளியேற்றாது. அம்புக்குறியை நாம் எப்பக்கமும் வரையலாம். பொருள்கள் அதற்குக் கீழ்ப்படிவதில்லை.

மறுநாள் சிறுவனை அழைத்து, இரு கண்ணாடிக் குவளைகளை வைத்தோம். ஒன்றில் மயில்துத்தக் கரைசல். அதுவே தாமிர சல்பேட்டு. (நஞ்சாதலின் சமையற் பாத்திரத்தில் கரைக்கலாகாது.) அதில் தேய்த்துத் துலக்கிய இரும்பாணி. மற்றொன்றில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு. அதில் செப்புக் கம்பி. சிறிது நேரத்தில் ஆணியின்மீது செந்நிறத் தாமிரம் படியலாயிற்று. கம்பியோ போட்டது போட்டபடியே கிடந்தது.

வினை நிகழும் என்று அறிந்த பின்னரே சமன் செய்ய அமர வேண்டும். தாமிரத்தை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால் வெள்ளி பிரியும். தாமிர நைட்ரேட்டில் நைட்ரேட்டுத் தொகுதிகள் இரண்டு. வெள்ளி நைட்ரேட்டிலோ ஒன்றே. எனவே, ‘தாமிரம் + 2 வெள்ளி நைட்ரேட்டு → தாமிர நைட்ரேட்டு + 2 வெள்ளி’. அந்த 2 வாய்பாட்டின் முன்னே நிற்க வேண்டும். பிள்ளைகள் பலர் கணக்கு நேராவதற்காக வாய்பாட்டினுள்ளே இருக்கும் சிற்றெண்ணை மாற்றிவிடுகின்றனர். தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 இட்டால் அது தண்ணீர் அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு!

சிறுவன் தன் பழைய சமன்பாட்டின் வலப்பக்கத்தை அடித்து, ‘வினை நிகழாது’ என்று எழுதினான். பின் தலைநிமிர்ந்து, “அப்படியானால் நேற்று நீங்கள் சொன்னது தவறா, சாமி?” என்றான்.

ஆம் என்றோம்.